குடிக்காதவர்

பஸ் டிப்போவில் அவருக்கு மோப்பம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அது தெரியாமலும் இல்லை. காலையில் முதல் வண்டி கிளம்புவதற்கு முன் கேட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, வண்டி எடுக்க வரும் ஒவ்வொரு டிரைவரையும், குடித்திருக்கிறாரா என்று பார்க்க, மிஷினில் ஊதச் சொல்வது அவருடைய வேலை. மிஷின் வருவதற்கு முன்பு அவர் மூக்குதான் மிஷின். வந்த பிறகும் அவர் மூக்கைத்தான் நம்பினார். புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு வந்தவன், பேஸ்டை நாக்கில் தடவிக்கொண்டு வந்தவன், சளி பிடித்திருக்கிறது என்று கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து பேசியவன் எல்லோருமே அவரிடம் மாட்டியிருக்கிறார்கள்.

சாராய வாடை அவருக்குக் குமட்டும். கொள்கை, கட்டுப்பாடு என்றெல்லாம் ஒன்றுமில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குடித்தவன் எவனாவது பாசத்தில் தோளில் கை போட்டுவிட்டால், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். மாட்டிய டிரைவரை அவர் திட்டமாட்டார். முகத்தைச் சுளித்துப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, விரலால் கேட்டைக் காட்டுவார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டிரைவர்கள் புலம்புவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ரத்ததானம் கொடுக்கப் போன இடத்தில் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. இளவயதில் ஒரு விபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதோடு வந்து உள்ளேயே குடியிருந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டார். கடைசிப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "வைரஸ் போயிடுச்சு" என்றார் அப்போதைய டாக்டர். அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்: ஈரல் ஏற்கெனவே இறுகியிருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, விடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இவர் 'போயிடுச்சு' என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஒருமுறை ஸ்கேனுக்குப் போனார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த முறை லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறை ஞாபகமே வரவில்லை.

இந்த வருடம் சட்டையின் கீழ்ப் பட்டன்கள் போட முடியாமல் போயின. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள். பட்டனைத் தள்ளி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "உக்காந்த இடத்துலயே உக்காந்தா தொப்பை போடாம என்ன செய்யும்?" என்று சிரித்தாள். கால் வீங்கியது, செருப்பின் வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையாமல் இருந்தது. பகலெல்லாம் தூங்கினார். போனை எடுத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று நிற்பார். இவற்றையெல்லாம் அவள் வாய்விட்டுக் கேட்டாள். கேட்காதது ஒன்றுதான். அவர் வாயிலிருந்து ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. அழுகிய பழமும் நனைந்து காயாத துணியும் கலந்தது மாதிரி, லேசான இனிப்போடு.

டிப்போவில் அன்றைக்கு நடந்தது அவருக்கு நினைவில் இல்லை. பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஹாரன் என்று ஒரு டிரைவர். தொண்டை அப்படி. அவன் ஊதினான். இவர் மறுபடி ஊதச் சொன்னார். ஊதினான். மறுபடியும் சொன்னார்.

"சார், எத்தனை தடவை ஊதறது? சைபர்னு காட்டுது பாருங்க."

"ஊது."

"அதான் ஊதிட்டேனே."

"நீ எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டு அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம், கண் திறந்தபடி தூங்குகிறவர் மாதிரி. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. திடீரென்று எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டே போனார். டிரைவர்கள் சாப்பாட்டுப் பை வைக்கிற இரும்பு அலமாரியைத் திறந்து, பேன்ட் ஜிப்பை இறக்கி, பைகளின் மேலேயே ஒன்றுக்குப் போனார்.

மேனேஜர் ஓடிவந்து மிஷினை அவர் வாயில் வைத்தார். சைபர். யாரும் நம்பவில்லை.

"மிஷின் கெடக்குது சார்," என்றான் ஹாரன். "இத்தனை நாளா மூக்கைத்தானே அவரு நம்பினாரு. நாமளும் அதையே நம்புவோம்." குனிந்து அவர் வாயருகே மோந்து பார்த்தவன் சட்டென்று பின்வாங்கினான். "ஐயே. இது சாராயமே இல்ல. வேற எந்தக் கருமத்தைக் குடிச்சுத் தொலைச்சாரோ."

மனைவி ஆட்டோவில் வந்து அழைத்துப் போனாள். ஈரமான பேன்ட்டோடு அவர் அவள் மேல் சாய்ந்து கிடந்தார். வழியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தனை வருஷமா?" அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அவர் விட்ட மூச்சையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் படுக்க வைத்தும் எழுப்ப முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவருக்குத் தெளிவு வந்தபோது எதிரே ஒரு பெண் டாக்டர் நின்றிருந்தார்.

"போலீஸ்காரர் வண்டியை நிறுத்தற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டு இற்று விழுவதும் நிமிர்வதுமாக, நனைந்த கோழி சிறகடிப்பது போல அடித்துக்கொண்டன. அவை தன் கைகளே இல்லை என்பது போல அவர் வேடிக்கை பார்த்தார்.

"வைரஸ் போயிடுச்சுன்னாங்களே டாக்டர்," என்றாள் மனைவி.

"வைரஸ் போனது நிஜம்தாம்மா. இப்பவும் பார்த்துட்டோம், ரத்தத்துல வைரஸ் இல்ல. ஆனா அது இருந்த காலத்துல ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்துடுச்சு. வைரஸ் போனதும் நிறையப் பேருக்கு ஈரல் தேறிக்கும். இவருக்குத் தேறலை, சர்க்கரை வேற சேர்ந்துக்கிச்சு. இவ்வளவு வேகமா இறங்கும்னு நாங்களும் எதிர்பார்க்க மாட்டோம். ஈரல் வடிகட்ட வேண்டிய கசடு ரத்தத்துலயே தங்கி மூளைக்குப் போகுது. அதான் தடுமாற்றம், உளறல், எல்லாம். வாய்ல வர்ற வாடையும் அதனாலதான்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "அப்ப, குடிச்சதால இல்லையா?"

"குடிச்சாத்தான் ஈரல் கெடணும்னு இல்லம்மா."

டாக்டர் போன பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீயுமா நம்பினே?"

"மோந்து பார்த்தா யாருக்கும் அப்படித்தாங்க தோணும்," என்றாள் அவள். மன்னிப்புக் கேட்கிற குரலாக அது இல்லை.

வயிற்றில் ஊசி குத்தி நீரை இறக்கினார்கள். குழாய் வழியாக மஞ்சளாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு கழுவுநீர் இருக்குமா என்று நினைத்தார். கேனைத் தூக்க வந்த வார்டு ஆள், "பார்க்க பீர் மாதிரியே இல்ல?" என்று சிரித்தான். அவர் முகத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கிண்ணத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். திருப்புவதற்கு வேறு பக்கம் இல்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரு சிரப்பைக் கொடுத்தனுப்பினார்கள். பாகு மாதிரி பிசுபிசுத்த, திகட்டும் இனிப்பு. அதைக் குடித்துத் தினமும் மூன்று தடவையாவது வயிறு போக வேண்டும். அந்த வழியாகத்தான் கசடு வெளியேறும். கக்கூசில் சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டே இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் அவர். இப்போது மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "எப்படிப் போச்சு? தண்ணியாவா, கூழாவா?" அவர் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவார். சிலசமயம் கதவு வரை போய்ச் சேர முடியாது. அப்போது அவள் ஒன்றும் பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, துணியை விரல்நுனியில் தூக்கிக்கொண்டு போவாள். அந்த விரல்நுனியை அவர் பார்ப்பார்.

மனைவியின் தம்பி சம்சாரத்தோடு பார்க்க வந்தான். அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர்கூடத் தன் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். நாற்காலியின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

"மாமா, நடந்தது நடந்துபோச்சு. இனிமேலாவது விட்டுடுங்க," என்றான் மச்சினன்.

"எதை?"

அவன் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினான்.

"நான் குடிக்கிறதே இல்ல."

"சரி மாமா, சரி. என்கிட்ட என்ன. ஆனா ஊரே பார்த்துடுச்சு." போனை எடுத்து நீட்டினான்.

வீடியோவில் ஒரு தொப்பைக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். வாயோரம் எச்சில். இரும்பு அலமாரியைத் திறந்துகொண்டு நின்றான். சுற்றிலும் சிரிப்பு. தூ, குடிகார நாய் என்று அவருக்குள் எழுந்தது. முகம் தானாகச் சுளித்துப் பக்கவாட்டில் திரும்பியது. அப்புறம்தான், பட்டன் தள்ளித் தைத்த அந்தச் சட்டையைப் பார்த்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அவருக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. மச்சினனின் பெருந்தன்மை, அவன் சம்சாரத்தின் பாட்டில், தன் வயிறு, தன் மூச்சு, அந்த இனிப்பு. இந்த உடம்பை அவிழ்த்து ஊறப் போட வழியில்லை.

மறுநாளிலிருந்து அவர் சிரப்பைக் குடிக்கவில்லை. மனைவி வேலைக்குப் போன பிறகு அளந்து ஊற்றி, வாஷ்பேசினில் கவிழ்த்தார். கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. தான் மறுபடி மனிதனாகிவிட்டது போல இருந்தது. ஆனால் பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பேப்பரை மடிக்க வரவில்லை.

காட்டிக் கொடுத்தது எறும்புகள்தான். சாயங்காலம் முகம் கழுவப் போன மனைவி, வாஷ்பேசின் ஓட்டையைச் சுற்றி எறும்பு மொய்ப்பதைப் பார்த்தாள். விளிம்பைத் தொட்டாள், ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க சொல்றேன்."

நீட்டினார். சிறகடித்தன. அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சாகணும்னு இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் வேலைக்கு லீவாவது போடாம இருந்திருப்பேன்."

"சாகறதுக்கு இல்ல." நாக்கு தடித்திருந்தது, வார்த்தைகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "உனக்கு... நீ அள்ளும்போது... உன் மூஞ்சி."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"அருவருப்பா இருக்கு உனக்கு."

"ஆமா, அருவருப்பாத்தான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "நாறுது. உங்க வாயும் நாறுது, பீயும் நாறுது. அள்ளிட்டு வந்து எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. உங்க மனசு நோகக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு செய்யறேன் பாருங்க, அதுதான் பெரிய அவஸ்தை. இனிமே வாயை மூட மாட்டேன். திட்டிக்கிட்டேதான் அள்ளுவேன். மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தான் வருவேன். என்னை அருவருக்க விடுங்க. ஆனா நீங்க அந்தக் கருமத்தைக் குடிச்சே ஆகணும். இன்னொரு தடவை ஆட்டோவுல உங்களைப் பொணமாட்டம் போட்டுக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல."

அவர் அவளையே பார்த்தார். வந்து போனவர்களெல்லாம் 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்று சொல்லிவிட்டு வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இவள் ஒருத்திதான் நாறுகிறது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவருக்கு வலித்தது.

"குடு," என்றார்.

டாக்டருக்கு அங்கேயே போன் போட்டாள். எவ்வளவு எத்தனை முறை கொடுக்க வேண்டும், தூக்கம் கூடினால் உடனே தூக்கி வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊற்றிக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அன்றைக்கு இரண்டு விரிப்பு பாழாயிற்று. சொன்னபடியே அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அவரையும், ரத்தம் ஏற்றியவனையும், ஸ்கேனுக்கு லீவு கொடுக்காதவனையும், தன் தலையெழுத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அலசினாள். "கொஞ்சம் மெதுவாத் திட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்றார் அவர். "கேக்கட்டும். அவங்க வீட்டுல மட்டும் மல்லிகையா போறாங்க?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்து, வயிறு வலித்து, மறுபடி விரிப்பு பாழாயிற்று.

டிப்போவில் மருத்துவச் சான்றைப் பார்த்துவிட்டு வேலையை விட்டு எடுக்காமல், உதிரிபாகக் கிடங்கில் உட்காரச் சொன்னார்கள். நனைந்த பைகளுக்குப் பதிலாகப் புதுப் பைகள் வாங்கி அனுப்பினார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஹாரனைத் தவிர. "வேணாம் சார், நான் இப்பக் கடையிலதான் சாப்பிடறேன்," என்று போனில் சொன்னான். அவன் மேல் இவருக்குக் கோபமில்லை. தானாக இருந்தாலும் அந்தப் பையைத் தொட்டிருக்க மாட்டார்.

அடுத்த ஸ்கேனில் ஈரலில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. புற்றா இல்லையா என்று இப்போதே சொல்ல முடியாது, இன்னும் நுணுக்கமான ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மாற்று ஈரலுக்குப் பெயரைப் பதிந்துவைத்தார். எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. "வயிறு எப்படிப் போகுது?" என்று கேட்டார் டாக்டர். மனைவி வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "மூணு, நாலு தடவை. கூழ் மாதிரி. நாத்தம் தாங்கல."

வெளியே வந்ததும் மனைவி, "பசிக்குது," என்றாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் மேசைகள் பிசுபிசுத்தன, ஈ மொய்த்தது. அவர் கைக்குட்டையால் மேசையில் அவள் பக்கத்தைத் துடைத்தார். அவள் ஒரு தட்டுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.