பிடியரிசிக் கஞ்சி

விபூதிப் புதனில இருந்து மாகிரட் அக்கா ஒரு நாள் விடாமல் ஒருசந்தி. காலமை வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் ஒரு கோப்பை சோறு, இரவு ஒண்டுமில்லை. ஞாயித்துக்கிழமை கூட விடேல்லை. எழுபத்திநாலாம் ஆண்டு அது, பாணுக்கு விடியமுன்னமே சனம் வரிசையில நிக்கிற காலம். "நாடே ஒருசந்திதான், நீ என்னத்துக்குப் புறம்பாப் பிடிக்கிறாய்?" எண்டு அவவின்ர மனிசன் வின்சன்ட் பகிடி விட்டுப் பாத்தார். அவ சிரிக்கேல்லை. சிரிக்கிறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணுமெல்லோ.

விசயம் என்னெண்டா, பக்கத்து வீட்டு இன்பமலரோட அவ கதைச்சுப் பதினொரு மாசம். அதுக்கு முதல் ஒரே கிணத்தில அள்ளி, ஒரே அம்மியில அரைச்சுத் திரிஞ்ச ஆக்கள். மூதூரில இருந்து லோஞ்சில கடல் தாண்டி வந்து மாகிரட் அக்காவின்ர மகளைப் பொம்பிளை பாத்த ஆக்கள், போற வழியில இன்பமலரிட்ட விசாரிச்சிருக்கினம். பிள்ளைக்குச் சின்னனில வலிப்பு வந்தது எண்டு அவ சொல்லிப்போட்டா. கலியாணம் நிண்டுது. பொய் சொல்லியிருந்தா மாகிரட் அக்கா எப்பவோ மன்னிச்சிருப்பா. அவ சொன்னது உண்மை. அதுதான் முள்ளாட்டம் தொண்டைக்குள்ள நிண்டுது.

தபசுகாலம் துவங்கேக்க பாவசங்கீர்த்தனத்தில இதைச் சொன்னவ. சுவாமியார் பெருமூச்சு விட்டார்.

"மாகிரட், இப்ப ஒருசந்திக்கு ரெண்டு நாள்தான் சட்டம். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அது காணும். நீர் அந்த மனிசியோட ஒரு சொல்லுக் கதைச்சுப்போட்டுப் பாஸ்காப் பூசையில நன்மை வாங்க வாரும்."

"கதைக்க ஏலாட்டி, சுவாமி?"

"கதைக்காட்டி, பகையோட என்னெண்டு நற்கருணை வாங்கிறது?"

அந்த ஒரு சொல்லுத்தான் அவவுக்குப் பாரம். பட்டினி கிடக்கிறது லேசு. கூடக் கிடந்தா ஆண்டவர் பாத்து அந்தச் சொல்லை விட்டிடுவார் எண்டு நினைச்சா. நாலு தரம் இன்பமலர் வீட்டுப் படலை வரைக்கும் போனவ. கொழுக்கியில கை வைச்சுட்டுத் திரும்பி வந்தவ.

அந்தப் பங்கில ஒரு வழக்கம். ஒருசந்தி பிடிக்கிற வீடுகளில, சாப்பிடாமல் விட்ட ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பினம். பெரிய வெள்ளியில எல்லாத்தையும் கோயிலுக்குக் கொண்டந்து, ஒரு கிடாரத்தில கஞ்சி. சிலுவைப்பாதை முடிஞ்சு வாற சனத்துக்கு அண்டைக்கு அதுதான் ஒரே சாப்பாடு. அரிசி காணக் கிடைக்காத அந்த வருசம் அது எவ்வளவு பெரிய காரியம், யோசிச்சுப் பாருங்கோ.

காய்ச்சிறது எப்பவும் மாகிரட்டும் இன்பமலரும்தான். கோபமெண்டு ஆரும் ஆளை மாத்தேல்லை. நடுவில கதை காவ றோஸ் எண்டொரு பெட்டை.

"றோஸ், நெருப்பைத் தணிக்கச் சொல்லு அவவை," எண்டா மாகிரட் அக்கா.

"றோஸ், விறகு பச்சை, அது தன்ரபாட்டில தணியுமாம் எண்டு சொல்லு."

றோஸ் அகப்பையைப் போட்டுட்டு எழும்பிட்டா. "நான் என்ன தபால் கந்தோரோ? சிலுவைப்பாதைக்குப் போறன். இனி நீங்களாச்சு, கிடாரமாச்சு."

போனவ போனவதான்.

மாகிரட் அக்கா தண்ணி அள்ளப் போயிட்டு வந்து பாத்தா, உப்புச் சிரட்டை வைச்ச இடத்தில வைச்சபடி. ருசி பாக்கேலாது, ரெண்டு பேரும் ஒருசந்தி. உப்புப் போட்டாச்சோ எண்டு ஒரு கேள்வி. அவ்வளவுதான். இன்பமலர் முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெயில், புகை, வெறுவயிறு. சீ, ஆருக்கு ஏலும். ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டுக் கிண்டினா. உப்புச் சிரட்டை நிலத்தில படுற சத்தம் கேட்டு இன்பமலரின்ர துருவல் ஒரு கணம் நிண்டுது. பேந்து துவங்கிச்சுது.

கோயில் மூப்பர் ஹெக்டர்தான் முதல் வாய் குடிச்சவர். முகம் கோணிப்போச்சு.

"ஆரப்பா இது? கப்பல் நிக்கிற கடல் தண்ணியையே அள்ளிக் குடிச்சிருக்கலாமே!"

வரிசையில ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவ்வளவு பேரின்ர பட்டினியும் அந்தக் கிடாரத்துக்குள்ள கிடக்கு.

"ஆர் உப்புப் போட்டது?"

"நான்தான்," எண்டா இன்பமலர். முகம் வெளிறிட்டுது. "அளவாத்தான் போட்டனான்."

"அளவோ?" எண்டு பின்னால ஒரு மனிசி. "இவவுக்கு வாயிலயும் அளவில்லை, கையிலயும் அளவில்லை. மூதூர் ஆக்களைக் கேட்டாத் தெரியும்."

மாகிரட் அக்கா பதினொரு மாசமாக் கேக்க ஆசைப்பட்ட கதை. இனிப் பேசாமல் நிண்டாலே காணும். இன்பமலர் அவவின்ர பக்கம் திரும்பேல்லை. சிரட்டைச் சத்தம் கேட்டவ, எல்லாம் விளங்கியிருக்கும். ஆனா ஆளைக் காட்டிக் குடுக்கேல்லை.

சந்தோசம் வருமெண்டு மாகிரட் அக்கா பாத்துக்கொண்டு நிண்டா. வந்தது களைப்புத்தான்.

"நானும் போட்டனான்," எண்டா. "கேக்காமல் போட்டிட்டன். அவ போட்டது அளவுதான்."

"ஒரே அடுப்படியில நிண்டுகொண்டு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதோ?" எண்டு ஹெக்டர் பாய்ஞ்சார். பேந்து அவருக்கே அவையின்ர கோபம் ஞாபகம் வந்து கிடாரத்துப் பக்கம் திரும்பினார்.

தண்ணி விடலாம். ஆனா வெறும் தண்ணி விட்டா வாயில வைக்கேலாது, தேங்காய்ப்பால் வேணும். இன்பமலர் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னா, "அக்கா, வீட்டில நாலு தேங்காய் கிடக்கு."

கோயில் மதிலுக்குப் பின்னாலதான் இன்பமலர் வீடு, ரெண்டு பேரும் போனவை. படலையடியில மாகிரட் அக்காதான் கொழுக்கியைக் கழட்டினா.

"அக்கா, அண்டைக்கு நான் அந்த ஆக்களிட்ட..."

"இப்ப வேண்டாம் மலர். எனக்கு ஏலாது. தேங்காயை எடு."

திருப்பிக் காய்ச்சின கஞ்சி வெறும் தண்ணியாட்டம். சனம் முணுமுணுத்துக்கொண்டு குடிச்சுது. கடைசியா இவை ரெண்டு பேரும் கிடாரத்தடியில இருந்தினம். மாகிரட் அக்கா கோப்பையை எடுத்துக் குடிச்சா. அந்த முள்ளு இன்னும் அங்கதான் கிடக்கு, விழுங்கேக்க தெரிஞ்சுது.

"நாளைக்கு இரவு பாஸ்காப் பூசைக்கு வாறியளோ, அக்கா?"

"வருவன்."

"நன்மை வாங்க?"

"ஓம். ஆறமுன்னம் குடி."

இன்பமலர் ஒரு வாய் குடிச்சா. "இன்னும் உப்புத்தான்."

"ஓம்," எண்டா மாகிரட் அக்கா. "உப்புத்தான்."