நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

உயிர் அடங்கிக் கிடந்த அண்ணனின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு நகக்கண்களைத் தேய்த்தான் தம்பி. மூன்று முறை சோப்புப் போட்டும் பழுப்பு போகவில்லை.

"விடுங்க தம்பி," என்றாள் அண்ணி. "முப்பது வருஷமா பட்டைத் தண்ணியில ஊறின கை. நான் தேய்க்காத தேய்ப்பா?"

தம்பியின் கை வெள்ளை வெளேரென்று இருந்தது. தோல் பதனிடுவது இருவருக்கும் பொதுத்தொழில்தான். ஆனால் தொட்டிக்குள் இறங்கியது அண்ணன், வெளியே போய் விற்றது தம்பி.

மரப்பட்டைச் சாற்றில் தோல் ஆறு மாதம் கிடக்க வேண்டும். எடுக்கும்போது அண்ணன் ஓரத்தை நறுக்கிப் பார்ப்பார். வெட்டிய இடம் முழுக்க ஒரே நிறமென்றால் பதம். நடுவில் மயிரிழையாக வெள்ளைக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சைத் தோல். மறுபடி தொட்டிக்குப் போகும். அவசரப்படுத்துகிறவர்களிடம், "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்" என்பார்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர்களிடம் தோல் வாங்கிப் பை தைப்பவரின் நச்சரிப்புத் தாங்காமல் தம்பி ஒரு தொட்டித் தோலை நாலாம் மாதமே எடுத்து, எண்ணெய் பூசி, அண்ணனின் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டான். ஓரத்தை நறுக்கவில்லை. நறுக்கினால் தெரிந்துவிடுமே.

ஒரே மழைக்காலத்தில் அத்தனை பைகளும் மடிப்பில் வெடித்துத் திரும்பி வந்தன. பை தைப்பவர் வாசலில் நின்று கத்தினார். அண்ணன் ஒரு பையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "என் அவசரம்" என்றார். பக்கத்தில் தேள் கொட்டிய திருடனாகத் தம்பி நின்றான்.

அந்தத் தோலிலேயே அண்ணன் தனக்கொரு பெல்ட் தைத்துக்கொண்டார். தோல்காரர் இடுப்பில் வெடித்த பெல்ட்டா என்று வேலையாட்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அண்ணி அதைத்தான் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்தாள்.

பை தைப்பவர் வந்து கால்மாட்டில் நின்றார். "அந்த ஒரு தடவை தவிர அவர் கை தப்பினதே இல்ல, சின்னவரே. நானும் அன்னைக்கு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன்."

தம்பி பெல்ட்டைப் பார்த்தான். இன்றும் உண்மையை விழுங்கிவிட்டால் இனி யாரிடம் சொல்வது?

"அவர் கை தப்பல. அதை எடுத்தது நான். ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்தேன்."

பை தைப்பவர் அவனைப் பார்க்கவில்லை, அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அண்ணி அவருக்குப் போட எடுத்த சட்டையை உதறினாள். "அவருக்குத் தெரியும் தம்பி. அவனே வந்து சொல்வான், நீ கேட்காதேன்னார். நேத்து நீங்க வந்தப்ப என்னை வெளியே போகச் சொன்னாரே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

நேற்று அந்த அரை மணி நேரமும் தம்பி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனை மெல்லத் தூக்கி, சட்டையைப் போட்டுவிட்டு, பெல்ட்டைச் சுற்றினான். இடுப்பு இளைத்திருந்தது. வழக்கமான ஓட்டையிலிருந்து மூன்று ஓட்டை தள்ளி மாட்டும்போது மடிப்பு விரிந்து உள்ளே வெளுப்பு தெரிந்தது.

அண்ணி சட்டையை இழுத்து அதன்மேல் விடப்போனாள். அவன் அவள் கையைத் தடுத்து, சட்டையை உள்ளே செருகினான்.