அருக்காணி அழவேண்டிய இடம்

அன்று அங்கே இருந்தவர்கள்: அருக்காணி, முப்பத்தோரு வருடம் காப்பிப் பழம் பறித்தவள், அவள் மகள் சுதாராணி, எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலை பார்க்கிற ரைட்டர் வெங்கடாசலம், கையில் பூட்டோடு.

நான் இல்லை. அதனால்தான் முதல் வரைவை அவ்வளவு தைரியமாக எழுதினேன்.

1

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கும் அருக்காணி வீட்டுக்கும் ஒரே சுவர். பறிப்புக் காலத்தில் இடுப்புச் சாக்கை அவிழ்க்காமலே வந்து, சிவந்த பழமாகப் பார்த்துப் பிதுக்கி, அப்போது சின்னப் பிள்ளைகளான எங்கள் வாயில் வைப்பாள். ஒரு துளி இனிப்பு, அவ்வளவுதான். இன்றைக்கும் காப்பி குடித்தால் அதைத்தான் தேடுகிறேன், இருப்பதில்லை.

போன மார்ச்சில் அவளுக்கு வேலை முடிந்தது. வீடு எஸ்டேட்டுடையது, வேலை முடிந்த அன்றே காலி செய்ய வேண்டும். "அந்த ரைட்டரு முன்னாடி மட்டும் அழுவ மாட்டேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள். அவள் சாக்கைக் கொட்டிப் பச்சைக்காய் தேடித் தேடி ஏசியவர் அவர்.

சுதாராணி இதைச் சொன்ன அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

"கதவைத் தடவிப் பார்த்தாள். வாசல் செடியில் கடைசியாக ஒரு சிவந்த பழத்தைப் பறித்தாள். கண்ணீர் பொலபொலவென்று—"

வாசித்துவிட்டு சுதாராணி சிரித்தாள்.

"ஏனுங்ணா, மார்ச்சு மாசத்துல பழம் ஏதுங்க? இந்த மலையிலதான பொறந்தீங்க?"

"கதைதானே சுதா."

"கதைன்னா எங்கம்மா வேற ஆளாயிருமா? கதவத் தடவுறதுக்கு அதென்ன கன்னுக்குட்டியா?"

3

அந்த வரைவை அடித்தேன். அடுத்ததில் அருக்காணி ரைட்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். (நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது நான்.) அதையும் அடித்தேன்.

அழுதாளா என்று கேட்பதை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு எந்த வழியாகப் போனாள் என்று சுதாராணியிடம் கேட்டேன்.

4

முந்தின வாரம் மழை பெய்து செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூத்த வரிசைக்குள் யாரும் நுழைவதில்லை. சேலை உரசினால் பூ உதிரும். அந்த இடத்தில் காய் கிடையாது.

பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்தது. வரிசைக்குள் புகுந்தால் பத்து எட்டில் ஆள் மறைந்துவிடலாம். சுற்றுவழி முழுக்க ரைட்டரின் கண்ணெதிரிலேயே போகிறது. அங்கே போய் அழுதுகொள்ளலாம் என்று அருக்காணி வரிசையைப் பார்த்தாள். (இது என் ஊகம்.)

"இன்னிக்கி ஒரு நாளு குறுக்கால போ, அருக்காணி. நா ஒண்ணுஞ் சொல்லல" என்றார் வெங்கடாசலம்.

"பூவு உதுந்துருமுங்க."

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சுற்றுவழியில் இறங்கினாள். அந்தப் பூ இனி அவள் பறிக்கப்போகிற பழம் இல்லை.

5

அவள் முகம் எப்படி இருந்தது என்று சுதாராணிக்குத் தெரியாது. பின்னால் பையோடு நடந்தவள் அவள். ரைட்டருக்குத் தெரிந்ததும் முதுகுதான். ஒருவேளை அவள் கண்—

வேண்டாம். முகத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பஸ்ஸைப் பிடித்தாளா என்பதையும்.

அவள் வளைவில் மறையும்வரை வெங்கடாசலம் அந்த வீட்டுப் படியிலேயே நின்றார். பிறகு கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.