கெட்டிமேளத்துக்கு மூன்று கணினிகள்

1

இந்தக் கதை நான் வாய்தவறிச் சொன்ன ஒரு வாக்கியத்தால் வந்தது. "மேளம்தானே அண்ணை, என்னட்டை கொம்பியூட்டர் இருக்கு."

2007 ஆவணி, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பேர்லின் நொய்கெல்னில் ஒரு கலியாண மண்டபத்தின் வாசல். பாரிசிலிருந்து வந்துகொண்டிருந்த மேளக்காரரின் வான் ஹனோவருக்குக் கிட்ட நின்றுபோனதாகச் செய்தி வந்திருந்தது. முகூர்த்தம் 11.12. மணமகள் பிரபாலினியின் தகப்பன் உருத்திரமூர்த்தி அண்ணை கைத்தொலைபேசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்போது ஒரு

(உவமை கிடைக்கவில்லை. விட்டுவிடுகிறேன்.)

அப்போதுதான் அதைச் சொன்னேன். என் பெயர் கோபாலன். பகலில் தபால் பிரிக்கும் வேலை, மிச்ச நேரத்தில் கதை. இரண்டிலும் என்னை யாரும் மேளம் அடிக்கக் கேட்டதில்லை.

2

இதற்கு இரண்டு தொடக்கங்கள் எழுதி அழித்தேன்.

"நொய்கெல்ன் தெருவில் ஆவணி வெயில் பொன்னாக..." (அன்று மழை.)

"இயந்திரத்திடம் மனிதன் முதன்முதலாக 'உனக்குள் என்ன இருக்கிறது?' என்று கேட்டபோது..." (இது கட்டுரை. கலியாண வீட்டில் கட்டுரை வாசிப்பவனை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பியபோது என்னிடம் நாதஸ்வரமும் தவிலும் பதிந்த ஒரு சிடி இருந்தது. மடிக்கணினி இருந்தது. மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கியோடு கணினியை இணைக்க, யுஎஸ்பியில் குத்தும் ஒரு சின்ன ஒலிப்பெட்டியும் இருந்தது.* மூன்றும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டால் மேளம்.

* விசயம் தெரிந்த வாசகர் கேட்பார்: கணினியின் ஹெட்ஃபோன் துளையில் நேரே குத்தியிருக்கலாமே? மண்டபத்து வயரின் முனை சுண்டுவிரல் தடிப்பு. அதை மெலிதாக்கும் முனை என் வீட்டு மேசையில் இருந்தது.

3

என் கணினி விண்டோஸ் எக்ஸ்பி. அதுவும் ஜெர்மன் மொழியில். ஒலிப்பெட்டியைக் குத்தினேன். சத்தமில்லை. 'என் கணினி'யில் வலது சொடுக்கு, பண்புகள், வன்பொருள், கருவி மேலாளர் என்று அலுவலக அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கேள்விக்குறி. அதற்குப் பக்கத்தில் 'உன்பெகான்டெஸ் கெரேட்' என்று எழுதியிருந்தது. அறியப்படாத சாதனம்.

(அந்த 'உன்பெகான்ட்' எனக்குப் பழக்கமான சொல். நான் இங்கே அகதியாக வந்த புதிதில் என் பிறந்த திகதிக்கு நேரே அதைத்தான் எழுதினார்கள். ஆக, பெட்டி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.)

"என்னவாம்?" என்றார் உருத்திரமூர்த்தி அண்ணை.

"பெட்டியைத் தெரியாதாம்."

"நேற்று வரைக்கும் தெரிஞ்சதோ?"

"போன கிழமை எக்ஸ்பியைப் புதுசாப் போட்டனான். பெட்டியை அறிமுகப்படுத்திற டிரைவர் சிடி வீட்டில."

"போய் எடுத்துக்கொண்டு வாருமன்."

"ஏலாது அண்ணை. போய்வர ஒண்டரை மணித்தியாலம்."

அப்போது 10.35.

4

இந்த இடத்தில் ஸ்ரீநிவாஸ் வருகிறார். சென்னைக்காரர், மென்பொருள் பொறியாளர், பிரபாலினியோடு வேலை செய்பவர். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அவர் கணினிக்காரராகத்தான் இருக்கவேண்டுமா என்று எனக்கே சலிப்பு. ஒரு வரைவில் அவரைப் பல்வைத்தியராக்கிப் பார்த்தேன். பல்வைத்தியர் தன் தோள்பையிலிருந்து லினக்ஸ் கணினியை எடுத்தபோது கதை என்னை நம்பாமல் பார்த்தது. மாற்றிவிட்டேன்.

ஸ்ரீநிவாஸ் பெட்டியைத் தன் லினக்ஸ் கணினியில் குத்திவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். பெட்டியின் கம்பனி, மாதிரி, இலக்கம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பாருங்க சார், டிவைஸ் டிடெக்ட் ஆயிடுச்சு!"

"சத்தம்?"

"சத்தம் வேற மேட்டர் சார். அது உள்ள இருக்கற சவுண்ட் கார்டைத்தான் டீஃபால்ட்டா எடுக்குது. ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதணும். சின்ன ஃபைல்தான்."

உருத்திரமூர்த்தி அண்ணை குனிந்து திரையைப் பார்த்தார். "தம்பி, பேர் தெரியுதுதானே. கூப்பிட்டா வராதோ?"

"கூப்பிடற முறை இருக்கு சார்."

சின்ன ஃபைல் மூன்று முறை எழுதப்பட்டது. முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாம் முறை கரகரப்பு. மூன்றாம் முறை, அதுவரை வேலை செய்த கணினியின் சொந்தச் சத்தமும் போய்விட்டது. 11.08.

5

மண்டபத்தில் மூன்றாவதாக ஒரு கணினி இருந்தது. மாலை வரவேற்பில் படங்கள் காட்ட மணமகள் கொண்டுவந்த வெள்ளை ஆப்பிள். ஸ்ரீநிவாஸ் அதைத் திறந்தார். கடவுச்சொல் கேட்டது.

பிரபாலினி அப்போதுதான் கூறைச்சேலை மாற்றி வந்து மணவறையில் இருந்தாள். தாலி ஏறியதும் மாப்பிள்ளைக்குப் போடவேண்டிய மாலை அவள் இரண்டு கைகளிலும். அதைக் கீழே வைக்கக்கூடாது என்று சிற்றம்பலக் குருக்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கவிஷன் தாலியோடு எழுந்து நின்றான். ஸ்ரீநிவாஸ் கணினியைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு ஓடினார். ஒலிப்பெட்டி வயரின் நுனியில் தொங்க, நான் பின்னால் ஓடினேன்.

அவள் அவர் காதில் மெல்லச் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். ஸ்ரீநிவாஸ் தட்டியபடி திருப்பிச் சொன்னார். குருக்களின் ஒலிவாங்கி அப்போது ஸ்ரீநிவாஸின் தாடைக்கு நேர்கீழே இருந்தது.

"வி... ஏ... எஸ்... ஏ... என்... டி எச். வசந்த்தா? ஓகே. அப்புறம் ரெண்டாயிரத்து மூணு. வி கேபிட்டலா, ஸ்மாலா?"

மேளத்துக்கு வேலை செய்யாத ஒலிபெருக்கி இதற்கு வேலை செய்தது.

முந்நூறு பேர் மணவறைப் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் புஷ்பராணி அக்கா விசிறியை நிறுத்தினார். உருத்திரமூர்த்தி அண்ணை ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு மகளை, பிறகு என்னை. பிரபாலினி மாலைக்குள் முகத்தைத் தாழ்த்தினாள். (இதை நான் வேடிக்கையாக எழுத முயன்றேன். முடியவில்லை.)

பிரபாலினியும் கவிஷனும் மூன்று மாதத்துக்கு முன்பே அரச அலுவலகத்தில் கையெழுத்து வைத்தவர்கள். சட்டப்படி புருசன் பெண்சாதி. எங்கள் சனத்துக்கு அது வெறும் விண்ணப்பம்.

கவிஷன் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான். அவனுக்கு வுப்பர்டால் நகரில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்பு வேலை.

"நாலு வருசமா பாஸ்வேர்ட் மாத்தேல்லையோ?" என்று கேட்டான். "இது சரியான ஆபத்து. நான் இதைப் பற்றி வகுப்பே எடுக்கிறனான்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை, பிறகு மண்டபம். பிரபாலினி மாலைக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். கண் நனைந்திருந்தது. ஆனால் அவளும் சிரித்தாள். "மாத்திறன்," என்றாள், ஒலிவாங்கி இருப்பதை மறந்து.

நான் பெட்டியைக் குத்த, ஸ்ரீநிவாஸ் திரை மூலையிலிருந்த ஆப்பிள் படத்தைத் தட்டினார். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் பெட்டியின் பெயர் ஒழுங்காக எழுதியிருந்தது. கேள்விக்குறி இல்லை. ஒலி அமைப்பில் அதைத் தெரிவு செய்தார். நான் சிடியைத் தள்ளினேன். குருக்கள் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்!"

கூரை அதிர்ந்தது. 11.19க்குத் தாலி ஏறியது. முகூர்த்தம் 11.40 வரை இருந்தது என்று குருக்கள் சாப்பிடும்போது சொன்னார். அதை முதலே சொல்லியிருக்கலாம்.

6

முடிவுகள்.

அ) உருத்திரமூர்த்தி அண்ணை விரும்பும் முடிவு. நான் இதை எழுதுகிறேன் என்று அறிந்து தொலைபேசி எடுத்தார். "எழுதும். ஆனா அது வசந்த் இல்லை, வசந்தம் எண்டு போடும். இளவேனில். பிள்ளை படிப்பு முடிச்ச காலம்."

"அண்ணை, முந்நூறு பேர் கேட்டவை."

"முந்நூறு பேரும் உம்மட கதை வாசிக்கப்போறினமோ?"

சரியான கேள்வி.

ஆ) மண்டபம் விரும்பும் முடிவு: வசந்த் வந்து கதவருகே நிற்பது. ஒரு பக்கம் எழுதினேன். கையில் குடையும் கொடுத்தேன். அவனுக்கு என்ன பேச்சு எழுதுவதென்று தெரியாமல் மழைக்குள் திருப்பி அனுப்பினேன்.

இ) உண்மையைக் கேட்டு எழுதும் முடிவு. போன கிழமை பிரபாலினிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் வுப்பர்டாலில் இருக்கிறாள். பின்னால் கவிஷன் ஏதோ பொரிக்கும் சத்தம்.

"பிள்ளை, கதை முடிக்கிறதுக்காகக் கேக்கிறன். ஆர் அந்த வசந்த்?"

பொரிக்கும் சத்தம் தூரமானது, ஒரு கதவு சாத்தப்பட்டது.

"மாமா," என்றாள், "கவிஷனே இண்டைக்கு வரைக்கும் கேக்கேல்லை. நீங்கள் ஏன் கேக்கிறியள்?"

தொலைபேசியை வைத்தபின், 'இ'யில் வசந்த் யாரென்று சொல்லவிருந்த வரியை அழித்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. உங்களுக்கு ஒரு பெயரோ ஒரு பருவமோ வேண்டுமென்றால் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் நிரப்பியதை எனக்குச் சொல்லாதீர்கள். என் தாடைக்குக் கீழே எங்கே ஒலிவாங்கி இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.