கோசமாலோசின் தாத்தாவுக்குக் கோவணம்

ஸ்பானியர்கள் பிடித்துக்கொண்ட எங்கள் நாட்டில் நான் சித்திர எழுத்துக்காரன். பல்லும் மூக்கும் தொப்புளும் பின்பக்கமும் வரைந்து பிழைக்கிறவன். எங்கள் எழுத்தில் பல்லைப் போட்டால் 'த்லான்' என்று வாசிக்க வேண்டும். குந்திய பின்பக்கத்தைப் போட்டால் 'சின்'. ஊர்ப்பேரில் சின் வந்தால் சின்ன ஊர், ஆள்பேரில் வந்தால் மரியாதை. இதில் அருவருக்க ஏதோ இருக்கிறது என்பது அந்த வழக்கில்தான் தெரிந்தது.

ஷிக்காபான் பெரிய ஊர், ஷிக்காபான்சிங்கோ சின்ன ஊர். சண்டை, நடுவிலிருந்த ஊற்றுக்காக. சின்ன ஊரின் மக்காச்சோளமும் மிளகாயும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அவர்கள் சார்பில் மார்த்தா ஷோக்கோ வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த நிலப்படம் நான் வரைந்தது: ஊற்றின் பக்கத்தில் சுரைக்குடுக்கை, தண்ணீர், அடியில் ஒரு பின்பக்கம். முதலிரண்டும் ஷிக்காபான், பின்பக்கமும் சேர்ந்தால் ஷிக்காபான்சிங்கோ.

பெரிய ஊர்த் தலைவர் டோன் பால்தசார் அதைப் பார்த்ததும் வாசனைத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார், காகிதம் நாறுவது போல. கிறிஸ்தவ மன்றத்தில் இந்த அசிங்கம் எதற்கு, சுரண்டி எறியச் சொல்லுங்கள் என்றார். சுரண்டினால் மிஞ்சுவது அவர் ஊரின் பேர். ஊற்றும் அவருக்கே. ஸ்பானிய நீதிபதி முகத்தைச் சுளித்தார், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் சுரண்டச் சொல்லிக் கத்தியை நீட்டினார்.

எனக்கு அருவருத்தது வேறு. அந்த ரோஜா வாசனை, அந்தப் பொய்ச் சுளிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் கத்தியை வாங்கிக்கொண்ட என் கை. நீட்டியதை வாங்கிக்கொள்ளும் நல்ல பழக்கம் அதற்கு உண்டு.

"சுரண்டிட்டீங்கன்னா புள்ளைங்க எதைக் குடிக்கும்ண்ணே? அவரு துணியைப் பிழிஞ்சா?" என்றாள் மார்த்தா.

எதிர்ச்சுவரில் டோன் பால்தசார் பெருமைக்காகத் தாக்கல் செய்த வம்சப்படம் தொங்கியது. அதுவும் என் கைவேலைதான். அவருடைய தாத்தா கோசமாலோசின் தலைக்கு மேல் 'கோசமாலோ' என்று வாசிக்கும் வானவில், அதன் அடியில் அதே பின்பக்கம். மரியாதை குறையக் கூடாது, இன்னும் கொஞ்சம் புஷ்டியாகப் போடு என்று கேட்டு வாங்கியவர் இதே மனிதர்.

கத்தியோடு அந்தச் சுவருக்கு நடந்தேன்.

"இதுலேருந்து ஆரம்பிச்சிடறேங்கய்யா. இதுதான் பெருசு."

மொழிபெயர்ப்பாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கினார். நீதிபதி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் போகட்டும், இல்லை இரண்டும் இருக்கட்டும், நீரே சொல்லும் என்று டோன் பால்தசாரிடம் விட்டுவிட்டார். சின் போனால் தாத்தா வெறும் கோசமாலோ. சந்தையில் அப்படிக் கூப்பிட்டால் எவனாவது கூலிக்காரன் திரும்பிப் பார்ப்பான். துணி மூக்கை விட்டு இறங்கியது.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

ஊற்று சின்ன ஊருக்குத் தீர்ப்பானது. நீதிபதியின் அருவருப்புதான் தீரவில்லை. இரண்டு பின்பக்கத்துக்கும் மையால் கோவணம் கட்டச் சொல்லி உத்தரவிட்டார். முதுகு ஒடியக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் டோன் பால்தசாரின் ரோஜா நாறியது.

"நம்ம தாத்தாவுக்குப் பருத்தியில போடப்பா. பூக்கரை வெச்சு."

கூலிக்காரர்கள் கட்டும் கற்றாழை நாரையே கட்டிவிட்டேன். ஆனாலும் தாத்தா என்ன பாவம் செய்தார்? அரிக்காமல் இருக்கட்டும் என்று நாரை மட்டும் மெல்லிசாக வரைந்தேன்.