பெயர் கேட்க வேண்டாம்

மகன் கீர்த்திகன் மூன்று தடவை வாய்மொழிப் பரீட்சையைத் தவறவிட்டிருக்கிறான் என்பது நாகபூசணிக்கு மரக்கறிக் கடை வாசலில்தான் தெரியவந்தது. சொன்னவள் லக்ஷனா. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், அவர்கள் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருப்பவள், கீர்த்திகனோடு கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவள்.

"மாமி, எழுத்துச் சோதினையில கீர்த்திக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு. எங்கட வகுப்பில ஆருக்கும் அவ்வளவு இல்லை. வாய்மொழிக்கு மட்டும் ஏன் மாமி வராமல் ஓடுறான்?"

"காய்ச்சலாக் கிடந்தவன் பிள்ளை," என்று நாகபூசணி சிரித்துச் சமாளித்தாள். அந்த மூன்று நாளும் அவன் அயன் பண்ணிய சட்டையோடும் அவள் கட்டிக் கொடுத்த இடியப்பத்தோடும் வீட்டை விட்டுப் போனது அவளுக்கு நினைவிருந்தது. பின்னேரம் வந்து, கேட்டதற்கு "ப-பரவாயில்லை" என்று சொன்னதும் நினைவிருந்தது.

பலெர்மோவில் பிறந்த பிள்ளை அவன். இத்தாலியன் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் நான்கு வயதிலிருந்தே நாக்குத் தடக்கும். வீட்டில் தடக்கல் அவ்வளவாக வெளித்தெரியாது. வெளி ஆட்களுக்கு முன்னால், அதுவும் இத்தாலியனில், சொல் தொண்டைக்குள்ளேயே இறுகிப்போய்விடும். இந்த நாட்டில் எழுதிவிட்டு வந்தால் மட்டும் பரீட்சை முடிவதில்லை. பேராசிரியருக்கு முன்னால் உட்கார்ந்து கேள்விக்கெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். பின் வாங்கில்களில் மற்ற மாணவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாகபூசணியின் இத்தாலியன், அவள் வீட்டு வேலை செய்த எசமானியம்மாக்களின், சிஞ்ஞோராக்களின், குசினிகளில் பொறுக்கியது. நேற்று, நாளை என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் பாண் கடையிலும் மருத்துவரிடமும் மகனுக்காக அவளே பேசினாள். மற்றத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு மொழிபெயர்த்தார்கள். இவர்கள் வீட்டில் தலைகீழ்.

அன்று பின்னேரம் அவள் அவனைத் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"லக்ஷனாவைக் கண்டனான்."

கீர்த்திகன் கோப்பையைப் பார்த்தான். "அப்ப எல்லாம் சொ-சொல்லியிருப்பாள்."

"அவள் சொன்னது கிடக்கட்டும். நீ சொல்லு."

அவன் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. நாகபூசணி இடையில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் முதலிலிருந்து தொடங்குவான். மூன்று தடவையும் பரீட்சை அறை வாசல் வரை போயிருக்கிறான். உள்ளே பெயர் கூப்பிடுவது காதில் விழுந்ததும் படியிறங்கி வந்துவிட்டிருக்கிறான். எழுத்துப் புள்ளி கோடை வரைதான் செல்லுமாம். அதற்குப் பிறகு எல்லாம் முதலிலிருந்து.

புத்தகப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதை நா-நாலு மாசமா வைச்சிருக்கிறன். கு-குடுத்தா வேற மாதிரி சோதினை வைப்பினம்."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது: திசபிலிதா. இப்போது அவள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் கணவர் நடக்க முடியாமல் இருந்த காலத்தில் அவருடைய கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையில் பார்த்த சொல். உடல் ஊனம். நாகபூசணிக்கு முகம் சுட்டது.

"உனக்கென்ன குறை? கையில்லையோ, காலில்லையோ? இதைக் குடுத்தா நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

"கு-குறை எண்டு நான் சொ-சொல்லேல்லை அம்மா. நே-நேரம் வேணும் எண்டுதான் சொல்லுறன்."

நாகபூசணி எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டியை மறுபடி கழுவினாள்.

ஹோட்டல் குசினி வேலை முடிந்து கணவர் சோதிலிங்கம் வந்ததும் அவரிடமும் கடதாசியைக் காட்டினாள். அவர் அதைக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, முழுவதையும் படித்தார்.

"இஞ்சேரும், இந்த நாட்டில இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ எடுக்க எத்தினை கடதாசி நிரப்பினனாங்கள்? எல்லாத்திலயும் எங்களை அந்நியர் எண்டுதானே எழுதினவை. அதால நாங்கள் தேஞ்சு போனமோ? இது பிள்ளையின்ர அலுவல். குடுக்கட்டும்."

மருத்துவரிடம் சான்றிதழ் எடுக்க இரண்டு மாதம் போனது. பல்கலைக்கழக அலுவலகத்தில் சந்திப்பு ஜனவரி நடுப்பகுதியில் கிடைத்தது. நாகபூசணி சிஞ்ஞோராவிடம் அரை நாள் லீவு கேட்டு வைத்திருந்தாள்.

"வ-வாங்கோ. ஆனா நீங்கள் கதைக்கக் கூடாது," என்றான் கீர்த்திகன்.

"நான் ஏன் கதைக்கிறன்?"

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் அவனிடம் ஏதோ கேட்டார். பதில் சொன்னது நாகபூசணி. அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். "சரி, சரி," என்று அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணின் பெயர் கிராசியா. நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கேள்வியை நேரே அவனிடம்தான் கேட்டாள். "உங்களுக்கு என்ன சிரமம், சொல்லுங்கள்."

இத்தாலியனில் திக்குவாய்க்கு பல்பூத்சியே என்று பெயர். திக்குகிறவனுக்கு இதைவிட மோசமான சொல் கிடைக்காது. கீர்த்திகனின் உதடுகள் முதலெழுத்திலேயே ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. நாகபூசணியின் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரு நொடியில் சொல்லிவிடலாம். கைப்பை வாரை முறுக்கியபடி எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரின் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினாள். கிராசியா தலையை ஆட்டவில்லை, பாவம் பார்த்துச் சிரிக்கவுமில்லை. சும்மா காத்திருந்தாள். கடைசியில் சொல் வெளியே வந்தது.

"நன்றி. முழுப் பரீட்சையையும் எழுத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்கலாம்," என்றாள் கிராசியா.

நாகபூசணிக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஆனால் மகன் தலையாட்டி மறுத்தான்.

"வே-வேண்டாம். வாயால்தான் சொல்ல வேண்டும். அதற்கு நே-நேரம் வேண்டும். பி-பின்னால் ஆட்கள் இருக்கக் கூடாது."

"எழுதிக் குடுத்திட்டு வாவன் ராசா," என்று அவள் தமிழில் மெல்லச் சொன்னாள். "வலிய வாறதை ஏன் தள்ளுறாய்?"

"நா-நாளைக்கு வேலைத்தளத்தில சு-சுவர் சரியுதெண்டா, அதையும் எழுதியோ கா-காட்டுறது?"

கிராசியா குறித்துக்கொண்டாள். "வேறு ஏதாவது?"

இல்லை என்றான் அவன். நாகபூசணி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையை உயர்த்தினாள். கீர்த்திகன் அவளைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. சொல்லுங்கோ என்று தலையசைத்தான்.

"பெயர்," என்றாள் அவள் தன் குசினி இத்தாலியனில். "பேராசிரியர் பெயர் கேட்க வேண்டாம்."

கிராசியாவுக்கு விளங்கவில்லை. நாகபூசணி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தாள். "எங்கள் பெயர் நீளம். எல்லா ஆசிரியரும் மரியாதைக்குக் கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று. நல்ல மனிதர்கள். ஆனால் இவனுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம் அதுதான். பெயர் சொல்லியே களைத்துவிடுவான். பிறகு எப்படிப் பரீட்சை? கடையில் கேட்டால் அந்திரேயா என்று இத்தாலியப் பெயர் சொல்லுகிறான்."

கீர்த்திகனின் காது மடல்கள் சிவந்திருந்தன.

"அம்மா... உங்களுக்கு எப்பிடித் தெ-தெரியும்?"

"அப்பாவின்ர பிறந்தநாளுக்குக் கேக் சொல்லப் போனனாங்களெல்லே. நீ கடைக்காரனுக்குப் பேர் சொல்லேக்க நான் பின்னால நிண்டனான்."

அது நடந்து ஐந்து வருடம். அந்த நேரம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. தானும் தகப்பனும் ஆசையாக வைத்த பெயர் பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தாள். பிறகு கவனித்துப் பார்த்தாள். அ, இ, எ என்று தொடங்குகிற சொல் எதுவும் அவனுக்குத் தடக்குவதில்லை. அந்திரேயாவில் வெட்கம் ஒன்றுமில்லை, அது வாய்க்கு லேசான பெயர், அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் கேட்கவில்லை.

கிராசியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினாள்: அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளவும், மாணவரிடம் பெயர் கேட்க வேண்டாம். எழுதியதை இருவருக்கும் வாசித்தும் காட்டினாள்.

கீர்த்திகன் பஸ் தரிப்பு வரை அவளோடு நடந்தான். அங்கே வந்ததும் குனிந்து, தன் தலையை அவள் தோளில் சாய்த்தான். அவளைவிட ஒன்றரை அடி உயரம் அவன்.

"தள்ளி நில்லடா, சனம் பாக்குது," என்றாள் நாகபூசணி. ஆனால் அசையவில்லை.

பரீட்சை பெப்ரவரியில் வந்தது. அன்றைக்கு வரவே வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டதால் அவள் வழக்கம்போல் பொலிதேயாமாப் பகுதியிலுள்ள சிஞ்ஞோரா வீட்டுக்கு வேலைக்குப் போனாள். ஒரே தலையணை உறையை மூன்று தடவை அயன் பண்ணினாள். "அது போதும், நாகா, துணி எரிந்துவிடும்," என்று சிஞ்ஞோரா இஸ்திரிப் பெட்டியை வாங்கி வைத்தாள். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் மணி அடித்தது. சிஞ்ஞோரா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "போ, போ, உன் மகன்தான்," என்றாள். லிஃப்ட்டுக்குக் காத்திராமல் நாலு மாடியும் படியால் இறங்கினாள் நாகபூசணி.

"இருபத்தாறு," என்றான் அவன்.

அவள் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். கையில் கஞ்சிப் பசை மணத்தது.

சீசாவுக்குப் போகிற பஸ் வந்தது. அவன் அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்தான். பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். பேராசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு வணக்கம் மட்டும் சொன்னாராம். ஓரிடத்தில் சொல் நன்றாக இறுகிவிட, பக்கத்திலிருந்த உதவியாளர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாராம். பேராசிரியர் பேனையை மேசையில் வைத்து, வேண்டாம் என்று அவருக்குத் தலையசைத்தாராம். மற்றவர்களுக்குக் கால்மணி நேரம். இவனுக்கு ஐம்பது நிமிடம்.

"அப்ப ஏன் நாலு புள்ளி குறைச்சவர்? தடக்கினதுக்கோ?" நாகபூசணியின் குரல் உயர்ந்தது.

"இல்லை அம்மா. ரெண்டு கே-கேள்விக்கு மறுமொழி பிழை. தெ-தெரியாமல்தான் பிழைவிட்டனான்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தெரியாமலோ? அப்ப வடிவாப் படிக்கிறதுக்கென்ன, கழுதை? முழு நாளும் போனோட இருந்தா எப்பிடித் தெரியும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிப்புக்காக அவனைத் திட்டினாள். அவன் நடுத்தெருவில் நின்று சிரித்தான். பிறகு, பிழைவிட்ட அந்த இரண்டு கேள்வியும் என்ன என்று, கூரையைத் தாங்கும் வளை ஒன்று பாரத்தில் எப்படி வளையும் என்பதிலிருந்து விளக்கத் தொடங்கினான். ஒன்றுமே விளங்காவிட்டாலும், வீட்டு வாசல் வரை அவள் இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.