நழுவிய கிளிப்

"அந்த மூணு எலியையும் கணக்குலேர்ந்து எடுத்துடு, நெஜ்லா," என்றார் எங்கள் பேராசிரியர் சி மொன்செஃப். துனிசியாவில், எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஆய்வகத்தில் அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நான் பேசுவேன்.

அந்த மூன்றின் குடல்தான் பிழைத்திருந்தது! மயக்கத்தில் கிடக்கும் எலியின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கிளிப் போட்டு, வெகுநேரம் அடைத்துவைத்து, பிறகு திறந்துவிடுவோம். குடல் கறுத்துப் போகும். இந்த மூன்றில் மட்டும் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கிளிப் நழுவி ரத்தம் ஓடியது. மறுபடி போட்டேன். அப்புறம் எவ்வளவு நேரம் அடைத்தும் குடல் சிவப்பாகவே இருந்தது.

"கிளிப் போடத் தெரியல, இதுல ஆராய்ச்சி வேற!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தப்பு என்னோடதுதான். ஆனா குடல் பொய் சொல்லுமா? சின்ன அடி விழுந்ததும் செல்லுக்குள்ள ஒரு என்சைம் முழிச்சுக்குது. பெரிய அடி வர்றதுக்குள்ள 'தயாரா இரு'ன்னு உள்ள சேதி பரப்பிடுது. அதான் தாங்குது."

"என்சைமா? நீ பார்த்தியா?"

"காட்டுறேன். அந்த என்சைமை முடக்குற மருந்தைக் கொடுத்துட்டு இதையே செஞ்சா குடல் சாகணும். சாகலைன்னா இந்த ஆய்வையே விட்டுடறேன்."

"யா லத்தீஃப், ஆண்டவனே, இவ வாய் இருக்கே!" என்று தலையில் கைவைத்தாள் பக்கத்து மேசை ஸுஹைரா.

சொல்லிவிட்டேன். பணயம் வைத்தது ரெண்டு வருஷ உழைப்பு!

இந்தத் தடவை கிளிப்பை நானே தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று ஸுஹைராவுக்கு மட்டுமே தெரியும். கடைசியில் சி மொன்செஃபையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன்.

"இது செத்த குடல்."

"மருந்து," என்றாள் ஸுஹைரா.

"இது... நல்லாத்தான் இருக்கு."

"உப்புத் தண்ணி."

கடைசி எலி வரை நான் சொன்னபடியே வந்தது. எனக்குக் கத்தணும்போல இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி. மொதல்லேர்ந்தே வேணும்னுதான் கிளிப்பைத் தளர்த்தினோம்னு எழுது. நழுவிச்சுன்னு போட்டா லேப் மானம் போயிடும்."

"முடியாது. நழுவிச்சு. நழுவிச்சுன்னுதான் எழுதுவேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியைக் கணினியில் தட்டினேன். பிறகு கட்டுரையின் தலைப்புக்குக் கீழே என் பெயரோடு இருந்த அவர் பெயரைக் காட்டிக் கேட்டேன்:

"இது இருக்கட்டுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிடுங்க."